திரை தின்ற ஓரம்

அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியை நாங்கள் படம் பார்க்க வாங்கவில்லை. என் மனைவி வேலை பார்க்க வாங்கினோம். ராயப்பேட்டையில் பழைய டிவிகளைச் சரிசெய்து விற்கும் பாய் ஒருவர், அதை ஷேர் ஆட்டோவில் குறுக்கே சாய்த்துக் கொண்டுவந்து, மயிலாப்பூரில் எங்கள் வீட்டின் ஒடுங்கிய மாடிப்படியில் நெஞ்சோடு அணைத்து ஏற்றினார். கம்ப்யூட்டரின் பெட்டியையும் டிவியையும் ஒரு கறுப்பு வயரால் இணைத்தார். திரையில் அவளுடைய அன்னப்பறவை வந்தது, ஒரு தாம்பாளத்தின் அளவுக்கு. பழைய மானிட்டரில் அது கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. "மேடம், தியேட்டர் மாதிரி கீது பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். பழைய மானிட்டரை அன்றைக்கே கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். கீழே அவர்கள் சிசிடிவி பார்க்கிறார்கள்.

அவள் புடவைக்கு வரைகிறவள். தி. நகரில் ஒரு பட்டுக்கடைக்கு, கரையும் முந்தியும். திரையில் கட்டம் கட்டமாக ஒரு வயல் விரியும். ஒரு கட்டம் ஓர் இழை. அவள் ஒரு கட்டத்துக்கு நிறம் கொடுத்தால் தறியில் அந்த இழை மேலே எழும். கொடுக்காவிட்டால் கீழே படுக்கும். நேர்க்கோட்டை யார் வேண்டுமானாலும் போடலாம், அதற்குக் கம்ப்யூட்டரே போதும். வளைவுதான் பாடு. கட்டங்களை வைத்து வளைவு வரைவதென்றால் படி படியாக ஏறி இறங்க வேண்டும், ஆனால் நெய்து முடித்தபின் படி தெரியக் கூடாது. அன்னத்தின் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளிப் போனால் கல்யாண மண்டபத்தில் அந்தப் பறவைக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டிருக்கும். அவள் வரைந்த கழுத்துகள் சுளுக்கியதே இல்லை. கடையில் அவளுக்கு இருந்த பெயர் அதனால்தான்.

போன கோடையில் அவளுடைய வலது கண்ணில் நடு மட்டும் வளைய ஆரம்பித்தது. ஜன்னல் கம்பி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டுக் கதவு நிலை குனிந்து எதையோ பொறுக்கியது. கண்ணின் உட்புறத் தோலில் நீர் கட்டியிருக்கிறது, ஊசி போட்டால் வற்றும், முழுக்க வற்றுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் கண் டாக்டர். இடது கண்ணோ சின்ன வயதிலிருந்தே சோம்பேறி. வெளிச்சம் காட்டும், விவரம் சொல்லாது. ஆக இருந்த ஒரே கண்ணில்தான் இந்த வளைவு. நாங்கள் கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பினார்: நடுவில் வளைவது பழகிப்போகும், ஆனால் ஓரத்திலிருந்து நிழல் மாதிரி எதுவும் மறைக்க ஆரம்பித்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

அந்த வார்த்தை என் காலுக்குள் இறங்கிவிட்டது. எனக்கு ஏற்கெனவே உட்கார வராது. எழுதுவதும் நடந்துகொண்டுதான், ஒரு வாக்கியம் லஸ் முனையில் ஆரம்பித்து, மந்தைவெளியில் மூச்சு வாங்கி, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண்களின் குரலுக்கு நடுவில் முற்றுப்புள்ளி தேடும். அவளுக்குக் கண் வளைந்த பிறகு நான் இன்னும் நடந்தேன். மெட்ரோ வேலைக்காகச் சுற்றிக் கட்டியிருந்த நீலத் தகரங்களின் ஓரமாக, எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று நேற்றைக்கும் இன்றைக்கும் ஒத்துப்போகாத அந்தச் சாலைகளில், ஓரம், ஓரம், ஓரம் என்று ஒரு சொல் செருப்போடு சேர்ந்து அடித்துக்கொண்டே வந்தது.

கடைக்கு அவள் தன் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. முகூர்த்த மாதங்களுக்கு ஒரு பெரிய கரை கேட்டிருந்தார்கள், அன்னமும் கொடியும் மாறி மாறி. கடை மேனேஜர் ஒருநாள் விட்டு ஒருநாள் போனில் கூப்பிட்டார். "மேடம், தறி காலியா நிக்குது" என்பார். அவள் ஆச்சு சார், ஆச்சு சார் என்பாள். இந்தக் கரையை முடித்துக் கொடுக்க முடிந்தால் கண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் வேலை தன்னிடம் இருக்கும். முடியாவிட்டால் கடைக்காரர்கள் இன்னொருவரைத் தேடிக்கொள்வார்கள், அதில் தப்பும் இல்லை. இதை அவள் ஒருமுறை முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே, மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற தொனியில் சொன்னாள்.

டிவியில் முதல் இரண்டு நாட்கள் சந்தோஷமாகத்தான் போனது. பிறகு அவள் நாற்காலியை முன்னே இழுத்தாள், பின்னே தள்ளினாள். கடுகு மஞ்சள் நிலத்தின் மேல் அரக்குச் சிவப்பில் ஒற்றை இழைக் கோடு ஒன்று ஓட வேண்டும். அது தண்ணீரில் விழுந்த குங்குமம் மாதிரி கரைந்து தெரிகிறது என்றாள். கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணைத் துடைத்தாள். கண்ணின் மேல் ஒருமுறை பழி விழுந்துவிட்டால் வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே குற்றவாளி. பாலில் ஆடை படிந்தால்கூட, எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்து, ஆடைதான் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

ஒரு காலை, இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"ஓரத்துல மறையுது."

"என்ன மறையுது?"

"மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோனா அம்பு காணாம போயிடுது. இடது பக்கமும், கீழயும். நாலு மூலையில செவப்புப் புள்ளி வெப்பேன்ல, டிசைன் முழுசா இருக்குன்னு தறிக்காரங்களுக்குத் தெரியறதுக்கு? அது நாலும் தெரியல."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் கை கழுவிவிட்டேன். இட்லி அப்படியே இருந்தது. அவள் புடவை மாற்ற வேண்டும் என்றாள், வேண்டாம் என்றேன். அடுப்பை அணைச்சியா என்று நானே கேட்டு நானே போய்ப் பார்த்து, ஆட்டோவை நிறுத்தி, அவளை ஏற்றி, ஏதோ நான் வேகமாக மூச்சு விட்டால் வண்டி வேகமாகப் போகும் என்பது போல முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். லஸ்ஸில் வண்டி நின்றது. தகரங்களுக்கு நடுவில் ஒரு பஸ், ஒரு கான்க்ரீட் லாரி, ஒரு பள்ளிக்கூட வேன். எதுவும் அசையவில்லை. நான் இறங்கினேன். ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே நடந்தேன். வண்டி ஊர்ந்தால் நானும் ஊர்ந்தேன்.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "சார், இன்னாத்துக்கு எறங்கி நடந்துக்கினு கீறே? நீ நடந்தா டிராபிக் நவுருமா?"

"அவரு அப்படித்தாண்ணா" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "வுடுங்க."

கண் மருத்துவமனையில் அவளுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். கண்பாப்பா விரிய வேண்டும், அதற்கு நேரம் ஆகும். அந்தக் கூடத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து, எதற்கோ காத்திருந்தார்கள். கண் திறந்திருந்தவன் நான் ஒருவன்தான். தண்ணீர்க் குழாய்க்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில் நடந்தேன். ஒரு நர்ஸ் என்னை நிறுத்தி, சார் உங்களுக்கு யூரின் டெஸ்டா என்று கேட்டார். கறுத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொல்லப்போகிற வாக்கியத்தை நான் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன். அதற்குப் பின்னால் வரும் வருடங்களையும் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்து நான் கூட்டிப் போகும் தெருக்கள், அவளுக்காக நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நிறங்கள், அரக்குக்கும் மாந்தளிருக்கும் எனக்கே வித்தியாசம் தெரியாதே என்ற பதற்றம், எல்லாம் அந்தக் குழாய்க்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில் நடந்து முடிந்தன.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். மேலே பாருங்கள், கீழே பாருங்கள், காதைப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி, கண்ணின் எல்லா மூலைக்கும் வெளிச்சத்தை அனுப்பினார். பிறகு விளக்கைப் போட்டு, ஓரம் சுத்தமாக இருக்கிறது என்றார். நடுவில் இருந்த வீக்கமும் போன தடவையைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். அப்படியென்றால் அம்பு ஏன் மறைகிறது என்று நான் கேட்டேன். கண்ணில் காரணம் இல்லை என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

நல்ல சேதிதான். ஆனால் அதை வைத்துக்கொள்ள எங்களுக்கு இடம் தெரியவில்லை. திரும்பும்போது அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டருக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஓரத்தில் இருக்கிறது என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது, நானும் அதையேதான் நினைத்தேன். அபிராமபுரம் வழியாக வந்தோம். பூவரச மரங்களின் நிழல் அவள் மேல் விழுந்து விழுந்து நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னாள். அவளுக்கு எல்லாம் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. சொட்டு மருந்து சாயங்காலம் வரை விடாது.

"உக்காருங்க" என்றாள்.

"நான் எதுக்கு?"

"உக்காருங்கன்னா. மவுஸைப் புடிங்க. அம்பை இடது ஓரத்துக்குக் கொண்டுபோங்க."

கொண்டுபோனேன். கட்டங்களின் மேல் வெள்ளை அம்பு ஓடியது, கொடியைத் தாண்டியது, ஓரத்தைத் தொட்டது, தொட்டுவிட்டு இன்னும் போனது. போய்விட்டது.

"எங்க இருக்கு?"

"இல்ல."

"இல்லன்னா?"

"காணோம். எனக்கும் காணோம்."

மூலைகளைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி எதுவும் இல்லை. கீழே கொண்டுபோனேன், அங்கேயும் அம்பு முங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒன்றைப் பார்க்க முடியாமல் போனதற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, எல்லாம் பாலாய்த் தெரியும் கண்களால் நான் இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு நின்றபின் சொன்னாள்:

"ஆஸ்பத்திரிக்கு ஓடறதுக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து இதைப் பாத்திருக்கலாம்ல?"

பாய்க்குப் போன் போட்டேன். அவர் பின்னால் யாரோ உருதுவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அட, டிவின்னா ஓரத்தைத் துண்ணும் சார்" என்றார் சாதாரணமாக. அந்தக் காலத்தில் ஆன்டெனாவில் வந்த படத்தின் விளிம்பு அழுக்காக இருக்கும், கோடும் புள்ளியுமாக. அதை மறைக்க டிவி படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கி, நாலு பக்கமும் வெளியே தள்ளிவிடும். ஆன்டெனா போய் இத்தனை காலம் ஆகியும் டிவிகளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லையாம். சினிமாவில் ஹீரோவின் தோள்பட்டை கொஞ்சம் போனால் யாருக்கு நஷ்டம் என்றார். நீங்கள் டிவி என்றுதான் கேட்டீர்கள், கம்ப்யூட்டருக்கு என்று சொல்லவில்லையே என்றும் சொன்னார். வயரைச் செருகியது அவர்தான் என்பதை ஞாபகப்படுத்தினேன்.

"செரி வுடு சார். ரிமோட் எடுத்துக்கினு முன்னாடி நில்லு. வயர் போட்ட எடம் பேரு இன்னா போட்டுக்கீது?"

எச்டிஎம்ஐ ஒன்று என்று இருந்தது.

"அந்தப் பேரை மாத்து. லிஸ்ட் வரும். அதுல பிசின்னு கீதா? அதை வை."

"பேரு மாத்தினா எப்படி பாய் சரியாகும்?"

"கம்ப்யூட்டர் வந்துக்கீதுன்னு அதுக்குச் சொல்லணும் சார். சொல்லாங்காட்டி அது சீரியல்னு நெனச்சுக்கினு மேக்கப் போட்டுக்கினே இருக்கும்."

பட்டியலில் நிறையப் பெயர்கள் இருந்தன. பிசி என்பதை வைத்தேன். திரை ஒருமுறை கறுத்தது. வெளிச்சம் வந்தபோது படம் ஒரு விரற்கடை உள்ளே சுருங்கி, சுற்றிலும் இருந்ததெல்லாம் வந்திருந்தது. நான்கு மூலைகளிலும் சிவப்புப் புள்ளி. கீழே, வலது மூலையில், மணி. கடிகாரம் அங்கே இருந்ததையே நான் மறந்திருந்தேன். அது பொடி எழுத்து, கண்ணுக்கு எட்டவில்லை என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். அரக்குக் கோடு கரையவில்லை. ஊசியால் கீறிய மாதிரி மஞ்சளின் மேல் ஓடியது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பார்க்க முடியாத அவள், ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாய் போனில் இன்னும் இருந்தார். "செட்டாச்சா? டீ சாப்ட்டு வரேன் சார்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவளுக்குக் கண் தெளிந்திருந்தது. குளித்துவிட்டு வந்து திரை முன்னால் உட்கார்ந்தாள். நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. மவுஸ் கிளிக் சத்தம்கூட இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். அம்பை அன்னத்தின் கழுத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு கையை மடியில் வைத்திருந்தாள்.

"கோடு நல்லாத் தெளிவா இருக்கு" என்றாள். "நடுவுல இன்னும் வளையுது."

"டிவியில இன்னும் ஏதாவது இருக்கும். பாய்கிட்ட கேக்கறேன்."

"டிவியில ஒண்ணும் இல்லீங்க. அது இப்ப சரியா காட்டுது. இது நான்தான்."

அதுவரை அவளுக்குத் துணையாக ஒரு சந்தேகம் இருந்தது. கரைந்த சிவப்பில் பாதி டிவியாக இருக்கலாம், பாதி கண்ணாக இருக்கலாம். பெட்டியின் பெயரை மாற்றியதும் அந்தப் பாதி போய்விட்டது. மிச்சம் இருப்பது எவ்வளவோ அவ்வளவும் அவளுடையது. செருப்பைப் போட்டுக்கொண்டேன். வெளியே போனேன்.

அன்றைக்கு நடந்த மாதிரி நான் நடந்ததில்லை. மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அடையாற்றுப் பாலம். பாலத்தின் நடுவில் நின்றேன், நிற்க முடியவில்லை, நடந்தேன். ஆறு கடலைப் பார்த்துப் படுத்திருந்தது. நாரைகள் சேற்றில் தங்கள் கழுத்துகளைத் தூக்கித் தூக்கி வைத்தன. அந்தக் கழுத்துகளைப் பார்த்தேன். எந்த இடத்தில் வளைவு ஆரம்பிக்கிறது, எங்கே அது மனம் மாறி எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று ஒரு நாரையைத் தொடர்ந்து பார்க்க முயன்றேன். பார்ப்பதற்குள் என் கண் பஸ்ஸுக்குப் போனது, பஸ்ஸிலிருந்து ஒரு விளம்பரப் பலகைக்கு, அதிலிருந்து என் செருப்புக்கு. கண்ணுக்கு ஒரு நோயும் இல்லாத ஆள் நான். எதையும் முழுதாகப் பார்த்தவனும் இல்லை. திரும்பி நடந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அவள் போனை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜரிடம் சொல்லிவிட்டாளாம். கண்ணைப் பற்றி, ஊசியைப் பற்றி, நடுவில் வளைவதைப் பற்றி. கடையில் பின்னணியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்ததாம், அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாளாம். பிறகு அவர், வேற யாராவது சரிபார்த்துக் கொடுப்பார்களா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் ஆள் இருக்கிறது என்று இவள் சொல்லியிருக்கிறாள். யார் பார்த்தால் என்ன மேடம், தறியில் தப்பு வராமல் இருந்தால் சரி, இந்தக் கரையை முடித்து அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசலாம் என்றாராம்.

"யாரு வீட்டுல ஆளு?" என்று கேட்டேன்.

அவள் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். நான் தண்ணீர் குடித்தேன். ஃபேனைக் கூட்டினேன். குறைத்தேன். உட்கார்ந்தேன்.

"இந்தக் கழுத்தைப் பாருங்க. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. அதை நீங்க உங்க புஸ்தகத்துல எழுதிக்குங்க. எந்தக் கட்டம் தப்புன்னு சொல்லுங்க."

பார்த்தேன். மேலிருந்து கீழே, படி படியாக இறங்கினேன். எங்கேயும் தப்பில்லை போலிருந்தது. அதற்குள் ஜன்னலுக்கு வெளியே ஒரு காய்கறி வண்டி போனது, அந்தக் குரலோடு நானும் பாதித் தெரு போய்விட்டுத் திரும்பி வந்தேன். மறுபடி மேலிருந்து.

"காலை ஆட்டாதீங்க" என்றாள். "மேசை ஆடுது. எனக்கு ஏற்கெனவே பறவை ஆடிக்கிட்டுதான் இருக்கு."

முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டேன். அலகுக்குக் கீழே, கழுத்து உள்பக்கம் திரும்பும் இடத்தில், ஒரு கட்டம் துருத்திக்கொண்டிருந்தது. முதலில் அது அழகுக்கு இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு, இல்லை என்று பட்டது. அம்பை அங்கே நகர்த்தச் சொன்னேன். இன்னும் கீழே. இன்னும். ஒன்று வலது பக்கம்.

"இதுவா?"

"அதுதான்."

"நிச்சயமா?"

எழுந்து கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்னொரு முறை முழுக் கழுத்தையும் இறங்கிவிட்டு, "நிச்சயமா" என்றேன்.

அவள் அந்தக் கட்டத்தை அழித்தாள். பக்கத்து அன்னத்துக்கு அம்பைக் கொண்டுபோனாள். கரை முழுக்க இன்னும் நிறைய அன்னங்கள் இருந்தன.